பிரபஞ்சம் ஏன் இருக்கிறது? ஒரே நோபல், எதிரெதிர் நம்பிக்கை: அப்துஸ் சலாமின் கதை

புனேவில் நான் குடியிருக்கும் கோந்த்வாவில் அதிகாலையில் பாங்கு சத்தம் கேட்கும். காத்ரஜ் போகிற சாலையில் இஸ்கான் கோயிலும் இருக்கிறது. எங்கள் சொசைட்டியின் வாட்ஸ்ஆப் குழுவில் அடிக்கடி ஒரு ஃபார்வர்டு வந்து விழும். பெருவெடிப்பைப் பற்றிக் குர்ஆன் அன்றைக்கே சொல்லிவிட்டது என்று இருக்கும். அரை மணி நேரத்தில் பதில் வரும்: வேதம் அதற்கும் முன்னாடியே சொல்லிவிட்டதாம். அறிவியல் வந்த பிறகு கடவுளுக்கு என்ன வேலை என்று மூன்றாவதாக ஒருவர் கேட்பார். பிறகு யாராவது தண்ணீர் டேங்கர் எப்போ வரும்னு கேட்க, பேச்சு அதோடு முடிந்துவிடும்.

பிரபஞ்சம் எப்படி உருவானது என்பதும், அது ஏன் இருக்கிறது என்பதும் ஒரே கேள்விதானா? இதைப் புரிந்துகொள்ள ஒருவரின் வாழ்க்கை ரொம்பவே உதவும். அவர் பெயர் அப்துஸ் சலாம். நம்ம அப்துல் கலாம் இல்லை, சலாம்.

யார் இவர்?

1926 ஜனவரி 29-ல் பிறந்தவர். வளர்ந்தது பிரிக்கப்படாத பஞ்சாபின் ஜங் என்ற ஊரில்; இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. அப்பா கல்வித் துறை ஊழியர். 14 வயதில் மெட்ரிகுலேஷன் தேர்வில் சலாம் எடுத்த மதிப்பெண், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அதுவரை யாரும் எடுக்காதது.

1943-ல், 17 வயதில், தன் முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதினார். யாரைப் பற்றி தெரியுமா? நம் கும்பகோணத்து ராமானுஜனைப் பற்றி. ராமானுஜன் போட்ட ஒரு கணக்குக்கு இன்னும் எளிதான வழியைக் கண்டுபிடித்திருந்தார் அந்தப் பையன்.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. ராமானுஜன் தன் சூத்திரங்களை நாமக்கல் நாமகிரித் தாயார் தந்ததாக நம்பியவர். அவரோடு சேர்ந்து உழைத்த கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி தீவிர நாத்திகர். ஆனாலும் 1918-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட சூத்திரம் இருவருக்கும் ஒன்றுதான். இதே காட்சி சலாமின் வாழ்க்கையிலும் திரும்ப வரும்.

1946-ல் சலாம் கேம்பிரிட்ஜ் போனார். கணிதத்தோடு நிற்காமல் பரிசோதனை இயற்பியலையும் ஒரு வருஷம் படி என்று அங்கே அறிவுரை சொன்னவர் ஃப்ரெட் ஹாய்ல். இந்தப் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1951-ல் லாகூர் திரும்பி, கல்லூரிப் பேராசிரியர் ஆனார். ஆராய்ச்சிக்கு அங்கே ஆளும் இல்லை, நூலகமும் இல்லை. பாடம் நடத்திய நேரம் போக அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கல்லூரிக் கால்பந்து அணியைப் பார்த்துக்கொள்வது! 1953-ல் லாகூரில் அஹ்மதியாக்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. சலாம் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர். அடுத்த வருஷமே இங்கிலாந்து திரும்பினார். 1957-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானார்.

அவர் என்ன கண்டுபிடித்தார்?

இயற்கையில் நான்கு அடிப்படை விசைகள் உண்டு. அதில் மின்காந்த விசை நமக்குப் பழக்கமானது. பல்பு எரிவதும் ஃபோன் வேலை செய்வதும் அதனால்தான். இன்னொன்று, அணுக்கருவுக்குள் செயல்படும் வலுக்குறைந்த விசை. பெயர்தான் அப்படி. அது இல்லையென்றால் சூரியன் எரியாது.

பார்த்தால் சம்பந்தமே இல்லாத இந்த இரண்டும், உண்மையில் ஒரே விசையின் இரண்டு முகங்கள் என்று 1967, 68-ல் சலாமும் அமெரிக்காவில் ஸ்டீவன் வெய்ன்பெர்க்கும் தனித்தனியாகக் காட்டினார்கள். ஷெல்டன் கிளாஷோ 1961-லேயே இதற்கு அடித்தளம் போட்டிருந்தார். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதன் தொடக்கத்தில், ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துளி நேரம் வரைக்கும், இந்த இரண்டு விசைகளும் ஒன்றாகத்தான் இருந்தன. பிரபஞ்சம் குளிர்ந்ததும் பிரிந்தன. 1973-ல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் இதற்கு முக்கியமான ஆதாரத்தைக் கண்டது. 1979-ல் மூவருக்கும் நோபல் பரிசு. கோட்பாடு சொன்ன துகள்கள் 1983-ல் அதே செர்னில் நேரடியாகவே சிக்கின.

அப்படின்னா எப்படி என்ற கேள்வியில், கிட்டத்தட்ட முதல் நொடியின் வாசல் வரை போய்விட்டார்கள். சரி, ஏன்?

இங்கேதான் இருவரும் பிரிகிறார்கள். சலாம் தொழுகை தவறாத மனிதர். ஸ்டாக்ஹோமுக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டு போனார், விருந்து உரையில் குர்ஆன் வசனம் சொன்னார். இயற்கையின் ஒழுங்கு அவருக்கு இறைவனின் வடிவமைப்பு. வெய்ன்பெர்க்கோ நாத்திகர். பிரபஞ்சத்தின் முதல் மூன்று நிமிடங்களைப் பற்றி 1977-ல் அவர் எழுதிய புத்தகம் ரொம்பப் பிரபலம். பிரபஞ்சத்தை எவ்வளவு தோண்டினாலும் அதில் ஒரு நோக்கம் தட்டுப்படவில்லை என்பதுதான் அவர் பார்வை. சமன்பாடு ஒன்றுதான், அதற்கு இருவரும் கண்ட அர்த்தம் நேர் எதிர்.

இதை சலாமே யோசித்துப் பார்த்திருக்கிறார். பர்வேஸ் ஹூட்பாயின் புத்தகத்துக்கு எழுதிய முன்னுரையில், தான் நம்பிக்கையாளர் என்பதோ வெய்ன்பெர்க் நாத்திகர் என்பதோ அந்த வேலையைப் பாதிக்கவில்லை என்றார். இஸ்லாமிய அறிவியல், இந்து அறிவியல் என்றெல்லாம் தனியாகக் கிடையாது, அறிவியல் உலகத்துக்கே ஒன்றுதான் என்பது அவர் நிலை.

வேதநூலில் பெருவெடிப்பு இருக்கிறதா?

இந்த ஆசைக்கு மதபேதம் இல்லை. பெருவெடிப்புக் கொள்கையின் முன்னோடி ஜார்ஜ் லெமெத்ர், பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார். 1951-ல் போப் 12-ம் பயஸ், அறிவியலே படைப்பை உறுதிசெய்கிறது என்ற தொனியில் பேசியபோது சங்கடப்பட்டவர் லெமெத்ர்தான். அவருக்குத் தன் கோட்பாடு இயற்பியல். அது பிழைத்தாலும் விழுந்தாலும் விசுவாசத்தோடு சம்பந்தமில்லை.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் புரிய வேண்டுமானால் புனேயையே பாருங்கள். சலாமுக்கு அறிவுரை சொன்ன ஹாய்ல், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்று வாதிட்டவர். பெருவெடிப்பு என்ற பெயரை 1949-ல் வானொலியில் முதலில் சொன்னவரும் அவரே! அவருடைய மாணவர் ஜயந்த் நார்லிகர். 1988-ல் எங்கள் நகரின் மறுமுனையில் அயூகா வானியல் மையத்தை உருவாக்கி, 2025-ல் காலமாகும்வரை பெருவெடிப்பை முழுசாக ஏற்காதவர். பெரும்பாலான விஞ்ஞானிகள் அவர் பக்கம் இல்லை, ஆதாரமும் பெருவெடிப்புக்கே சாதகம். ஆனால் கோட்பாடுகள் மாறும் என்பதால்தான் அது அறிவியல். இன்றைய கோட்பாட்டோடு வேதநூலைக் கட்டிப்போட்டால், நாளைக்குக் கோட்பாடு மாறும்போது எதைத் திருத்துவது?

ஒன்றுமில்லாத வெற்றிடத்திலிருந்தே பிரபஞ்சம் வந்திருக்கலாம் என்று சொல்லும் இயற்பியலாளர்களும் உண்டு. அந்த வெற்றிடத்துக்கும் விதிகள் இருக்கின்றன. விதிகள் எங்கிருந்து வந்தன என்றால் அறிவியல் இப்போதைக்கு அங்கே நிற்கிறது. கடவுள் எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் மதம் தன் இடத்தில் நிற்கிறது. நம்புகிறவருக்கு அது விடை, ஆனால் சோதித்துப் பார்க்க வழியில்லை. எங்கள் குழுவில் ஃபார்வர்டு ஆகாத விஷயம் ஒன்று உண்டு. ரிக் வேதத்தின் 10-ம் மண்டலத்தில் படைப்பைப் பற்றிய ஒரு சூக்தம், மேலிருந்து பார்ப்பவருக்காவது இது தெரியுமா என்ற சந்தேகத்தோடுதான் முடிகிறது.

நாடு அவரை என்ன செய்தது?

1961-லிருந்து பாகிஸ்தான் அதிபரின் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்தார் சலாம். தான் லாகூரில் தனியாகத் தவித்தது போல ஏழை நாட்டு இளைஞர்கள் தவிக்கக் கூடாது என்று, 1964-ல் இத்தாலியின் ட்ரியஸ்டே நகரில் சர்வதேச இயற்பியல் மையத்தைத் தொடங்கினார். 1974 செப்டம்பரில் பாகிஸ்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அஹ்மதியாக்கள் முஸ்லிம்களே அல்ல என்று அறிவித்தது. அவர் பதவியை விட்டார், குடியுரிமையைக் கடைசிவரை விடவில்லை.

1981-ல் கல்கத்தா வந்தார். லாகூரில் தனக்குக் கணிதம் கற்பித்த அனிலேந்திர கங்குலி, பிரிவினைக்குப் பிறகு அங்கேதான் இருந்தார். முதுமையில் படுக்கையில் கிடந்த ஆசிரியரின் வீட்டுக்கே போய், நோபல் பதக்கத்தை அவரிடம் கொடுத்து, இது உங்களுக்குச் சேர வேண்டியது என்று சொன்னார்.

1996 நவம்பர் 21-ல் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். உடல் பாகிஸ்தானின் ரப்வாவில் அடக்கம் செய்யப்பட்டது. இயற்பியலுக்காக நோபல் பெற்ற முதல் முஸ்லிம் என்று கல்லறையில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள். (1978-ல் எகிப்தின் அன்வர் சதாத் வாங்கியது அமைதிக்கான நோபல்.) பிறகு அதிகாரிகளின் உத்தரவால் முஸ்லிம் என்ற ஒரு சொல் மட்டும் அழிக்கப்பட்டது. இடையில் வெற்றிடத்தோடு இன்று அந்தக் கல்லைப் படித்தால், இயற்பியலில் முதல் நோபலே சலாமுக்குத்தான் என்று பொருள் வரும். அது 1901-ல் எக்ஸ்ரே கண்டுபிடித்த ராண்ட்ஜனுக்குப் போனது.