அடுக்களையில் ஓர் அணையா விளக்கு

பக்தி பிறப்பது எளிது. அது நிலைத்து நிற்பதே அரிது. திருநாட் காலத்திற் கசிந்துருகிய உள்ளம், திருநாள் முடிந்து கொடி இறங்கியதும் வறண்டு போவதைக் காண்கிறோம். தவக்காலத்தின் முதல் வாரத்தில் எடுத்த உறுதி மூன்றாம் வாரத்தைக் காண்பதில்லை. காலையில் முழந்தாளிட்டுச் செபித்தவன், நண்பகலிற் கடைத்தெருவின் இரைச்சலில் அச்செபத்தை முற்றாக மறந்து விடுகிறான். இந்தத் தளர்ச்சிக்கு மருந்து யாது? இவ்வினாவுக்கு ஏடுகள் பல எழுதி விடை கூறிய ஞானிகள் உளர். ஏடு ஒன்றும் எழுதி வெளியிடாமல், வாழ்ந்தே விடை கூறியவர் ஒருவரும் உளர். அவர் 17ஆம் நூற்றாண்டிலே பாரிஸ் மாநகரின் துறவற மடமொன்றில், சட்டி பானைகளின் நடுவே காலத்தைக் கழித்த ஒரு சமையற்காரர். லோறன்ஸ் சகோதரர் என்று உலகம் அவரை அறியும்.

நிக்கொலஸ் ஹேர்மன் என்பது பெற்றோர் அவருக்கு இட்ட பெயர். லொறேன் நாட்டிலே, லூனவில் நகருக்கு அண்மையிலுள்ள ஏரிமெனில் என்னும் சிற்றூரில் 1614ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். அக்காலத்தில் லொறேன் பிரான்சுடன் இணையாது, கோமகன் ஒருவரின் ஆட்சியின்கீழ்த் தனி நாடாக இருந்தது. பெற்றோர் எளியவர், இறைபக்தி மிக்கவர். மகனுக்கு அவர்கள் கொடுத்த முதுசொம் அப்பக்தி ஒன்றே. உயர்ந்த கல்வி எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை.

பதினெட்டு வயதில் அவர் ஒரு காட்சியைக் கண்டார். அது வானம் பிளந்து தோன்றிய அற்புதமன்று. மாரிக்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்கொம்பாய் நின்ற ஒரு மரம், அவ்வளவுதான். பட்டுப்போனது போலத் தோன்றும் இம்மரம் சின்னாளிலே துளிர்க்கும், பின் பூக்கும், பின் காய்க்கும் என்ற நினைவு அவர் நெஞ்சிலே மின்னியது. காணாத கையொன்று அம்மரத்தைக் காத்து நிற்கிறது என்ற உணர்வு அவரை ஆட்கொண்டது. பல்லாண்டுகள் கழிந்த பின்னும், இறைவன்பால் தமக்கு உண்டான அன்பின் தொடக்கமாக அவர் அந்த மரத்தையே சுட்டினார்.

ஆனால், அந்த ஒரு நாளின் ஒளி அவரை உடனே துறவியாக்கி விடவில்லை. ஐரோப்பாவை 1618 முதல் 1648 வரை எரித்த முப்பதாண்டுப் போர் லொறேனையும் சூழ்ந்தது. இளைஞர் நிக்கொலஸ் லொறேன் படையிற் சேர்ந்தார். ஜேர்மானியப் படையினர் கையில் அகப்பட்டபோது, அவரை ஒற்றர் என்று ஐயுற்றுத் தூக்கிலிடப் போவதாக அச்சுறுத்தினர். அவர் கலங்காது நின்ற நிலை கண்டு விடுவித்தனர். 1635இல் சுவீடன் நாட்டுப் படையினர் றம்பேர்வில்லே நகரைத் தாக்கியபோது அவர் காயமுற்றார். அத்துடன் போர்த்தொழில் முடிந்தது. போரினின்றும் அவர் கொண்டுவந்தது நொண்டும் காலும், படைவீரனாக வாழ்ந்த நாட்களின் பிழைகளை எண்ணி வருந்தும் மனமுமே.

அதன்பின் அவர் செய்த முயற்சி கவனிக்கத் தக்கது. உலகைத் துறக்க விரும்பிய செல்வர் ஒருவருடன் கூடித் தனிவாசம் செய்யப் புகுந்தார். ஆள் அரவமில்லாத இடம். வேண்டிய மட்டும் ஓய்வு. தடை சொல்வார் யாருமில்லை. பக்தி வளர இதனினும் வாய்ப்பான சூழல் வேறு ஏது என்று தோன்றும். நடந்ததோ வேறு. இன்று மகிழ்ச்சி, நாளை துயரம். இன்று அமைதி, நாளை கலக்கம். இன்று ஆர்வம், நாளை சோர்வு என்று அவருடைய உள்ளம் காற்றிலே அகப்பட்ட சருகு போல அலைந்தது. ஒழுங்கும் வழிகாட்டியும் இல்லாத தனிமை, பழகாதவனுக்குத் துணையன்று, சோதனையே என்பதை அவர் உணர்ந்தார். இடத்தை மாற்றினால் மனம் மாறிவிடும் என்று எண்ணுவோர்க்கு அவருடைய இத்தோல்வியே ஒரு பாடம்.

பின்பு பாரிசுக்கு வந்து, அரச கருவூலத்திற் பதவி வகித்த பியூபே என்னும் பிரபுவிடம் ஏவலாளராகச் சேர்ந்தார். அங்கே அவர் பெற்ற பெயர், தொட்டதையெல்லாம் உடைக்கும் விகாரி என்பது. ஈற்றில் 1640ஆம் ஆண்டு, வோஜிறார் வீதியிலிருந்த கர்மேல் சபைத் துறவியரின் மடத்திற் புகுந்தார். குருப்பட்டம் பெறுவதற்கு வேண்டிய கல்வியில்லாத காரணத்தால், பணிவிடைச் சகோதரராகவே ஏற்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளின் பின் 1642இல் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தார். உயிர்த்தெழுதலின் லோறன்ஸ் என்பது அவருடைய துறவுப் பெயராயிற்று. தம் தடுமாற்றத்துக்கும் பிழைகளுக்கும் மடத்திலே தக்க தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்தே அவர் சென்றார். பின்னாளில், அந்த எதிர்பார்ப்பில் இறைவன் தம்மை ஏமாற்றி விட்டார், தமக்குக் கிடைத்தது மனநிறைவே என்று நகைப்போடு கூறுவாராம்.

அந்த நிறைவு எளிதில் வரவில்லை. மடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை அடுக்களை வேலை. அவ்வேலையில் அவருக்கு இயல்பாகவே வெறுப்பு. புகையும் வெக்கையும், ஒரே நேரத்தில் இருவர் மூவர் வெவ்வேறு பொருள் கேட்டு அழைக்கும் ஆரவாரமும் கொண்ட அவ்விடத்தில் அவர் பதினைந்து ஆண்டுகள் உழைத்தார்.

வெளியே இவ்வாறாக, உள்ளே நிலைமை இதனினும் கடினமாயிருந்தது. முதற் பத்து ஆண்டுகளும் அவர் இருளிலே நடந்தார். செபத்துக்கென மடம் குறித்த நேரம் முழுவதும், அலையும் நினைவுகளை விரட்டுவதிலும் மீண்டும் அவற்றுள் விழுவதிலுமே கழிந்தது. நூல்களிற் கண்ட தியான முறைகளைப் பயின்று பார்த்தார். அவை அவரைக் குழப்பின. பழைய பாவங்கள் கண்முன் வந்து நின்றன. தாம் பெற்றதாக எண்ணிய அருள் வெறும் மயக்கமோ, தமக்கு மீட்பே இல்லையோ என்ற ஐயம் வாட்டியது. மனிதரும், தம் அறிவும், இறைவனுமே தமக்கு எதிராக நிற்பதாகத் தோன்றிய வேளைகளும் உண்டு. விசுவாசம் ஒன்றே அவர் பக்கம் நின்றது.

இப்பத்து ஆண்டுகளில் அவர் மடத்தை விட்டு ஓடவில்லை. செபத்தையும் கைவிடவில்லை. இறுதியில், இந்தத் துன்பம் சாகும் வரை தொடர்வதே இறைவன் சித்தமாயின் அப்படியே ஆகுக என்று முற்றாகத் தம்மை ஒப்படைத்தார். இன்பம் வேண்டும் என்ற ஆசையையும் விட்டார். அப்பொழுதே மாற்றம் வந்தது. ஆண்டுக் கணக்காக அலைந்த உள்ளம் தன் இடத்தைக் கண்டடைந்தது போல அமைதியுற்றது. உணர்ச்சியை நாடியவரை அது எட்டாதிருந்தது. உணர்ச்சியைத் துறந்தபின் தானே வந்தடைந்தது.

அவர் கைக்கொண்ட வழி மிக எளியது. இறைவன் எப்பொழுதும் தம் அருகில் இருக்கிறார் என்று எண்ணி, அவரோடு உள்ளத்தால் உரையாடிக் கொண்டிருப்பதே அது. வேலை தொடங்குமுன் அவ்வேலையைச் செய்யும் அருளை வேண்டுவார். செய்யும்போது இடையிடையே நெஞ்சை அவர்பால் உயர்த்துவார். முடிந்ததும் எவ்வாறு செய்தோம் என்று ஆராய்வார்; நன்று செய்திருந்தால் நன்றி கூறுவார்; தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்பார். அடுப்பிலே முட்டை அடையைப் புரட்டுவதும், நிலத்திலே கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதும் இறையன்பின்பொருட்டே ஆதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலால் கோயிலில் முழந்தாளிடும் வேளைக்கும், அடுக்களையில் அகப்பை பிடிக்கும் வேளைக்கும் அவருக்கு வேற்றுமை இல்லாமற் போயிற்று.

தவறும்போது அவர் என்ன செய்தார் என்பதே இவ்வழியின் உயிர்நிலை. தம் பலவீனத்தை மறைக்கவுமில்லை. அதை எண்ணி எண்ணி மனம் புழுங்கவுமில்லை. தம்மைத் தம் போக்கில் விட்டால் இப்படித்தான் வீழ்வேன் என்று இறைவனிடம் ஒப்புக்கொண்டு, எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மனம் விலகினால் மெல்ல மீட்டு வருவார். மறுபடியும் விலகினால் மறுபடியும் மீட்டு வருவார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதுபோல, இந்தச் சிறு மீட்சிகள் பல்லாயிரம் சேர்ந்தே உறுதியான வழக்கமாயின. நாம் நிலைத்த பக்தி என்று சொல்வது, ஒருபோதும் விழாத பக்தியை அன்று. விழுந்தவன் காலந்தாழ்த்தாது திரும்பி வருவதே அது.

இவ்வழி நெருப்பிலே சோதிக்கப்பட்ட இடம் அடுக்களை மட்டுமன்று. மடத்துக்குத் திராட்சை மது வாங்கிவர அவரைத் தூர மாகாணமாகிய பேர்கண்டிக்கு அனுப்பினர். அவருக்கோ வணிகத் திறமை இல்லை; கால் நொண்டி. படகிலே நடமாட முடியாது பீப்பாக்களின் மேல் உருண்டே இடம் பெயர்ந்தார். ஆயினும் இது இறைவனின் வேலை என்று எண்ணிக் கவலையின்றிச் சென்று, காரியத்தை நன்கு முடித்து மீண்டார். பிற்காலத்தில் பாதரட்சை தைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அதுவும் அவருக்கு உகந்ததாயிற்று.

பதினான்காம் லூயி மன்னனின் புகழ் ஓங்கியிருந்த காலம் அது. அந்த ஆடம்பரத் தலைநகரிலே, செருப்புத் தைக்கும் சகோதரரைத் தேடி மக்கள் வரலாயினர். 1666ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் ஜோசப் த போபோர் என்னும் குருவானவர் அவருடன் உரையாடத் தொடங்கினார். பின்னர் கம்பிறே நகரின் பேராயரான பெனலோனும் நோயுற்றிருந்த அவரைச் சென்று கண்டார். கன்னியர்க்கும் இல்லறத்தார்க்கும் அவர் கடிதங்கள் எழுதினார். போர்வீரன் ஒருவனைக் குறித்து எழுதும்போது, நெடுஞ் செபங்களை அவனிடம் அவர் எதிர்பார்க்கவில்லை. வாளேந்தி நடக்கும்போதும் கணப்பொழுது இறைவனை நினைத்தாற் போதும் என்பதே அவர் அறிவுரை. படைநடையின் களைப்பை அறிந்தவரல்லவா அவர்!

முதுமையில் இருபத்தைந்து ஆண்டுகளளவு கால் நோய் அவரை வருத்தியது. ஈற்றிலே அது புண்ணாகவும் மாறியது. வேதனை நீங்கவேண்டும் என்பதிலும், அதைப் பொறுக்கும் வலிமை வேண்டும் என்பதே அவருடைய மன்றாட்டு. 1691ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் அவர் அமைதியாக உயிர் துறந்தார்.

அவர் மறைந்தபின், போபோர் தாம் கேட்ட உரையாடல்களையும் அவருடைய கடிதங்களையும் தொகுத்து 1692இலும் 1694இலும் நூல்களாக வெளியிட்டார். அக்காலத்துப் பிரான்சிலே உள்ளமைதித் தியானம் பற்றி எழுந்த பெரும் வாதத்தில் பெனலோன் சிக்கியதால், அவர் போற்றிய லோறன்சின் பெயரிலும் ஐயத்தின் நிழல் படிந்தது. ஆனால் எல்லைக்கு அப்பால் அச்சிறு நூல் வரவேற்புப் பெற்றது. கத்தோலிக்க மடத்துச் சமையற்காரரின் சொற்களைப் புரட்டஸ்தாந்தர் விரும்பிக் கற்றனர். மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையாகிய ஜோன் வெஸ்லி, தாம் தொகுத்த கிறிஸ்தவ நூல்வரிசையில் அதன் பகுதிகளுக்கு இடமளித்தார். சபைகளைப் பிரித்த சுவர்களை அடுக்களைப் புகை எளிதாகத் தாண்டிச் சென்றது.

வோஜிறார் வீதியில் அம்மடத்தின் கோயில் இன்றும் நிற்கிறது. அவர் கண்மூடிய பெப்ரவரி, அந்நாட்டில் மரங்கள் வெறுங்கொம்பாய் நிற்கும் மாதம். பதினெட்டு வயதிற் கண்ட மரமும் அவ்வாறே நின்றது. துளிர் எப்பொழுது வரும் என்று அந்த மரம் கணக்குப் பார்ப்பதில்லை. வேரை மட்டும் விடாது நிற்கிறது. நிக்கொலஸ் ஹேர்மனும் பத்தாண்டு மாரியில் அவ்வாறே நின்றார்.