உபரிக் கணக்கைக் கேள்வி கேட்ட கோகலே

மகாத்மா காந்தி தமது அரசியல் குருவாகப் போற்றிய கோபால கிருஷ்ண கோகலே, 1866 மே 9-ஆம் தேதி ரத்னகிரி மாவட்டத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரை, அண்ணன்தான் தமது சொற்பச் சம்பளத்தில் படிக்க வைத்தார். பின்னர் புனே பெர்குசன் கல்லூரியில் கணிதம் போதித்தார்.

அந்தக் கணக்கறிவு 1902-இல் வைஸ்ராயின் சட்டமன்றத்தில் கைகொடுத்தது. வரவு செலவுத் திட்டத்தில் தொடர்ந்து உபரி வந்ததை அதிகாரிகள் நாட்டின் செழிப்பாகக் காட்டினர். ஆனால், 1896 முதல் 1900-க்குள் இரண்டு பெரும் பஞ்சங்கள் மக்களை வாரிக்கொண்டு போயிருந்தன. பட்டினி கிடக்கும் நாட்டில் கஜானா நிரம்புகிறது என்றால், தேவைக்கு மேல் வரி வசூலிக்கப்படுகிறது என்றே பொருள் என்று கோகலே வாதிட்டார்.

அப்போது சுமார் 37 கிலோ உப்புக்கு வரி மட்டும் இரண்டரை ரூபாய். ஜமீன்தாரானாலும் கூலித் தொழிலாளியானாலும் சாப்பிடும் உப்பு ஏறக்குறைய ஒரே அளவுதானே! வரியைக் குறைக்கும்படி ஆண்டுதோறும் வற்புறுத்தினார். 1903-இல் 2 ரூபாய், 1905-இல் ஒன்றரை, 1907-இல் ஒரு ரூபாய் என அது இறங்கியது. அவர் ஒருவரால் மட்டும் நடந்ததல்ல. ஆனால் மன்றத்தில் ஓயாமல் ஒலித்த குரல் அவருடையது.

இராணுவத்துக்கு அள்ளிக் கொடுத்த அரசு, பள்ளிகளுக்குக் கையை இறுக்கியது. அவர் 1911-இல் கொண்டு வந்த கட்டாய ஆரம்பக் கல்வி மசோதா, மறு ஆண்டு தோற்கடிக்கப்பட்டது.

1915 பிப்ரவரி 19-ஆம் தேதி, 48 வயதில் கோகலே காலமானார். அடுத்த ஆண்டே, போர்க்காலத்தில், உப்பு வரி மீண்டும் உயர்த்தப்பட்டது.