கோப்பி நோயை ஆராய்ந்த பேரறிஞர் மார்ஷல் வார்ட்

நாவலப்பிட்டியைச் சூழ்ந்த குன்றுகளைத் தேயிலையின்றி நினைத்துப் பார்த்தல் நம்மில் எவர்க்கும் அரிது. ஆயினும் இற்றைக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இக்குன்றுகளிலும், தொலஸ்பாகை, அம்பகமுவை, கம்பளைப் பகுதிகளிலும் கோப்பியே செழித்திருந்தது. 1874 ஆம் ஆண்டில் இவ்வூர்வரை புகையிரதப் பாதை நீண்டதற்கும் கோப்பி வாணிபமே பெருங்காரணமாயிற்று. அத்துணைப் பெரிய செல்வம் ஒரு தலைமுறைக்குள் ஏன் அழிந்தது என்பதை நுணுக்குக்காட்டியின் வாயிலாக ஐயந்திரிபறக் காட்டியவர் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலறிஞர். அவர்தம் வாழ்க்கை வரலாற்றை இவ்விழா மலரிலே சுருக்கிக் கூற விழைகின்றோம்.

வார்ட் அவர்கள் 1854 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21 ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ஹெரிபோர்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் ஓர் இசைவல்லுநர். குடும்பம் செல்வம் மிக்கதன்று. தமது இருபதாம் வயதளவிலே இலண்டன் மாநகரின் தென் கென்சிங்டனில் ஹக்ஸ்லி என்னும் பேராசானிடம் பயிலும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. உயிர்நூலை ஏட்டிற் படித்து ஒப்புவித்தல் போதாது. மாணவன் ஒவ்வொருவனும் தன் கையால் அறுத்து, தன் கண்ணால் நுணுக்குக்காட்டியிற் கண்டு தெளிதல் வேண்டும் என்பது ஹக்ஸ்லியின் போதனாமுறை. அம்முறை வார்ட்டின் வாழ்நாள் முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று. பின்னர்க் கேம்பிரிட்ஜிற் கிறைஸ்ட்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1879 ஆம் ஆண்டில் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். அதன்பின் ஜெர்மனி சென்று, வூர்ஸ்பர்க் நகரிலே சாக்ஸ் என்னும் தாவரவியலறிஞரிடமும் பயின்றார்.

அவர் கல்வி பயின்ற அக்காலத்திலே இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் பெருந்துன்பத்திற்கு உள்ளாகியிருந்தன. 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பியிலைகளின் அடிப்புறத்திலே செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூந்தோட்டத்தின் அதிபராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலுள்ள பேர்க்லி என்னும் பங்கசு நூல் வல்லுநருக்கு அனுப்பினார். பேர்க்லி அதனைப் புதியதொரு பங்கசெனக் கண்டு, ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். அதன் வித்தியின் ஒருபாதி வழுவழுப்பாகவும் மறுபாதி முட்கள் நிறைந்ததாகவும் இருத்தலின் முற்பெயரும், அது விளைத்த நாசம் பற்றிப் பிற்பெயரும் வந்தன. நோயுற்ற இலைகள் உதிர்ந்தன; இலையிழந்த செடி காயைப் பேணும் வலுவிழந்தது. தோட்டத்துரைமாருள் ஒருசாரார் மண் வளங்குன்றியமையே காரணமென்றனர். ஒருசாரார் பருவநிலையைக் குறை கூறினர். வேறு சிலர் கந்தகமும் சுண்ணாம்பும் தூவினர். காரணம் தெளியாத இடத்து மருந்து தேடுதல் இருளிலே துழாவுதல் போன்றதன்றோ?

இந்நிலையிலே, 1880 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அரசாங்கத்தின் நியமனம் பெற்று வார்ட் இலங்கை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பேராதனையிலிருந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவர் உழைத்தார். நோயுற்ற இலையைச் சவரக்கத்தியால் மெல்லிய சீவல்களாக அறுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். நலமான இலையின் அடிப்புறத்திலே நீர்த்துளியில் வித்திகளை இட்டு, நாள்தோறும் நிகழ்வனவற்றைக் குறித்துக்கொண்டார். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் முப்பதுக்கு மேற்பட்டவற்றை வரிசையாக அடுக்கலாம். அத்துணைச் சிறியது அவ்வித்தி. ஈரம் கிடைத்தவுடன் அது முளைத்து, ஒரு மெல்லிய குழாயை நீட்டுகின்றது. அக்குழாய் இலைவாயைத் தேடி உள்ளே நுழைகின்றது. நுழைந்தபின் இழைகளாய்க் கிளைத்து, கலங்களுக்கு இடையேயுள்ள வெளிகளிற் பரந்து, பருகிகள் எனப்படும் சிறு உறுப்புகளைக் கலங்களினுட் செலுத்தி உணவை உறிஞ்சுகின்றது. சில வாரங்களிலே அதே இலைவாய்களின் வழியாகப் புதிய வித்திகள் வெளிவருகின்றன. இவ்வட்டம் முழுவதையும் படிப்படியாகக் காட்டியது வார்ட்டின் அரும்பணியாகும். இலைக்கு வெளியே காணப்பட்ட வேறு சில இழைகளையும் இந்நோயின் ஒரு பருவமென எண்ணியோர் இருந்தனர். அவ்வெண்ணம் தவறென்பதையும் அவர் நிறுவினார்.

வித்தி எங்ஙனம் பரவுகின்றது என்பதையும் அவர் ஆராயாமல் விடவில்லை. கிளிசரீன் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களிலே தொங்கவிட்டு, காற்றில் வந்து ஒட்டிய வித்திகளை நுணுக்குக்காட்டியிற் கண்டார். மைல்கணக்கிற் கோப்பியொன்றையே இடைவிடாது நட்டமையால், காற்று செல்லுமிடமெல்லாம் நோய்க்கு உணவு காத்திருந்தது என்பது அவர்தம் முடிபு. பங்கசு இலையினுட் புகுந்தபின் வெளியே தூவும் மருந்து அதனை எட்டாது. முளைக்கும் முன்னரே தடுத்தல் வேண்டும் என்பதும் அவர் ஆய்வினாற் புலனாயிற்று. ஆனால் அங்ஙனம் தடுக்கவல்ல போர்டோக் கலவை பிரான்சிலே வெளிப்பட்டது 1885 ஆம் ஆண்டிலேதான். துரைமார் வேண்டியது மருந்து. வார்ட் அளித்ததோ உண்மை. இல்லாத மருந்தை உண்டென்று கூறி அவர்தம் பாராட்டைப் பெற்றிருத்தல் அவருக்கு எளிது. அவர் அது செய்தாரல்லர். பலரின் ஏமாற்றத்தினிடையே 1882 ஆம் ஆண்டளவில் அவர் தாயகம் மீண்டார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நம் முன்னோர் நன்கறிவர். கோப்பித் தோட்டங்களுக்குப் பெருங்கடன் அளித்திருந்த ஓரியன்ரல் வங்கி 1884 ஆம் ஆண்டில் முறிந்தது. கோப்பி பெயர்க்கப்பட்ட நிலங்களிலே, 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை பரவிற்று. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேதான் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர்; தமிழகத்திலிருந்து வந்தோர் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். ஆதலாற் குடும்பங்கள் இம்மலைகளிலே நிலைகொண்டன. நம் கல்லூரியிற் பயின்ற பலருடைய குடிவரலாறும், கண்ணுக்குப் புலனாகாத அவ்வித்தியோடு தொடர்புடையதென்பதை எண்ணுந்தோறும் வியப்பும் துயரும் ஒருங்கே எழுகின்றன.

தாயகம் மீண்ட வார்ட் மான்செஸ்டர் ஓவென்ஸ் கல்லூரியிற் பணியாற்றினார். 1885 ஆம் ஆண்டிற் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியிலே தாவரவியற் பேராசிரியராகி, இந்தியக் காட்டிலாகாவிற் சேரவிருந்தோர்க்குப் போதித்தார். 1888 ஆம் ஆண்டில் ரோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1895 ஆம் ஆண்டு முதல் கேம்பிரிட்ஜிற் பேராசிரியராய் விளங்கினார். அவர்தம் முயற்சியால் அங்கு எழுந்த புதிய தாவரவியற் கூடம் 1904 ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்டது. ஈராண்டுகளின் பின், 1906 ஆகத்து 26 ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். தூரகிழக்கு மலைகளிலே அரிய செடிகளைத் தேடித் திரிந்து புகழெய்திய பிராங்க் கிங்டன் வார்ட் அவர்தம் மைந்தரே.

கோப்பி நோய் இன்றும் உலகை விட்டகலவில்லை. 1970 ஆம் ஆண்டிற் பிரேசிலிலே காணப்பட்டது; 2012 ஆம் ஆண்டை ஒட்டி மத்திய அமெரிக்க நாடுகளிற் பெருஞ்சேதம் விளைத்தது. அதனை எதிர்ப்போர் யாவரும் பேராதனையிலே வார்ட் இட்ட அடித்தளத்தின்மீதே நிற்கின்றனர்.

விஞ்ஞானகூடத்திலே வெங்காயத் தோலை உரித்து வைத்துக் கலச்சுவரையும் கருவையும் நோக்கும் மாணவமணிகாள்! கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த கலத்திற்கு அத்தகைய சுவர் இல்லையென்று கண்டு வியக்கும் இளைஞர்காள்! நூலில் உள்ள படத்தைப் பார்த்து வரையாது, வில்லையின் கீழே உண்மையில் உள்ளதையே வரையுங்கள். கண்டதைக் கண்டவாறு கூறும் நேர்மையும், கேட்போர்க்கு உவப்பில்லாதவிடத்தும் அதனை மறையாத திண்மையும் வார்ட் நமக்கு விட்டுச் சென்ற செல்வங்கள். அவற்றைப் பேணும் மாணவர் பலர் இம்மலைநாட்டிலே தோன்றுவாராக என வாழ்த்தி அமைகின்றோம்.