பல் போனபின்னும் நின்று ஆடிய நாயுடு

ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதியில் மேட்டிங் விரித்து ஆடும் நம் பையன்களைப் பார்க்கிறேன். வேகப்பந்து வந்ததும் பின்னங்கால் தானாக லெக் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அடியேனும் அப்படி நகர்ந்து ஸ்டம்பைப் பறிகொடுத்தவன்தான். அவர்களுக்கு சி.கே. நாயுடுவின் கதை தெரிய வேண்டும்.

தெலுங்குக் குடும்பத்தைச் சேர்ந்த நாயுடு 1895-ல் நாகபுரியில் பிறந்தார். 1926-ல் பம்பாயில் எம்.சி.சி.க்கு எதிராக 11 சிக்ஸர்களுடன் 153 ரன் குவித்தார். 1932-ல் லார்ட்ஸில் இந்தியாவின் முதல் டெஸ்டுக்குத் தலைமை தாங்கினார். பீல்டிங்கில் கையில் அடிபட்டிருந்தும், முதல் இன்னிங்ஸில் நம் தரப்பில் அதிகபட்சமான 40 ரன் அவருடையதே.

1951-52 ரஞ்சி இறுதி ஆட்டத்தில் ஹோல்கரும் பம்பாயும் மோதின. நாயுடுவுக்கு வயது 56. அந்த வயதில் நம் ஆபீசில் பென்ஷன் கணக்குப் பார்ப்பார்கள். அப்போது ஹெல்மெட்டும் கிடையாது. தத்து பட்கர் வீசிய பந்து எழும்பி வாயில் தாக்க, இரண்டு பற்கள் போயின. விழுந்த பற்களை ஒதுக்கிவிட்டு, வைத்தியம் வேண்டாமென்று மறுபடி மட்டையோடு நின்றார். பட்கர் தயங்கி வேகத்தைக் குறைத்தாராம். பழைய வேகத்திலேயே போடும்படி நாயுடு சொன்னாராம். அவருக்குப் பயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கால் நகரவில்லை, அவ்வளவுதான். ஹோல்கர் தோற்றது வேறு விஷயம்.

நம் சித்தூர் ஜில்லா சென்னை ராஜ்யத்திலிருந்து பிரிந்து ஆந்திராவோடு சேர்ந்தது 1953-ல். அந்த 1953-54 பருவத்தில்தான் ஆந்திர அணியும் ரஞ்சியில் முதன்முறையாக இறங்கியது. தலைவர் இதே நாயுடு, 58 வயதில். பிறகு 61 வயதில் உத்தரப் பிரதேச அணிக்கும் ஆடினார். 1967 நவம்பரில் இந்தூரில் காலமானார்.