இசைவாணர்க்கு ஓர் இசைமருந்து

சென்னையின் வடபால் உள்ள கொருக்குப்பேட்டையிலிருந்து மேலும் வடக்கே சென்றால் மணலி என்னும் ஊரை அடையலாம். இந்நாளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் பிற தொழிற்சாலைகளும் நிறைந்த அவ்வூர், இருநூறு ஆண்டுகட்கு முன்னர் இசைப்புலவரைப் போற்றிய வள்ளல்கள் வாழ்ந்த ஊராகும். கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசாமி தீட்சிதர் தம் இளமைப் பருவத்தில் சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார்.

தீட்சிதர் 1775ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் இராமசாமி தீட்சிதர், அம்சத்வனி இராகத்தை ஆக்கியளித்த பெரும்புலவர். அவரது புலமையைக் கண்டு வியந்த மணலி முத்துக்கிருட்டிண முதலியார், அவரைக் குடும்பத்துடன் வரவழைத்து ஆதரித்தார். முதலியாரின் மைந்தர் சின்னையா முதலியார், தீட்சிதர் உடன்பிறந்தாரைச் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று, ஆங்கிலேயரின் பாண்டு இசையைக் கேட்கச் செய்தார். அதன் பயனாக இளவல் பாலுசாமி வயலின் பயின்றார். முத்துசாமி தீட்சிதர் அம்மேனாட்டு மெட்டுகளில் வடமொழிப் பாடல்கள் பல புனைந்தார். நல்ல இசை எங்கிருந்து வரினும் ஏற்கும் பரந்த உள்ளம் அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது.

பின்னர் அவர் சிதம்பரநாத யோகி என்னும் துறவியாருடன் காசிக்குச் சென்று, சில ஆண்டுகள் தங்கிக் கல்வி பெற்று மீண்டார். திருத்தணிகை முருகன் திருமுன் பாடத் தொடங்கிய அவர், குருகுக என்னும் முத்திரையை அமைத்துப் பல தலங்களையும் பாடினார். திருவாரூரில் அவர் வாழ்ந்த காலத்து மாணாக்கர் பலர் அவரை வந்தடைந்தனர். அவருள் ஒருவர் தம்பியப்பன். சுத்தமத்தளம் என்னும் தோற்கருவியை முழக்குவதில் வல்லவராதலின், அவர் சுத்தமத்தளம் தம்பியப்பன் என்றே வழங்கப்பெற்றார்.

தம்பியப்பனைக் கொடிய வயிற்றுவலி வருத்தியது. மருந்துகள் பல உண்டும் அது தணியவில்லை. மத்தளம் முழக்க வேண்டிய கைகள் வயிற்றைப் பற்றியவாறு தளர்ந்தன. மாணாக்கரின் துயர் கண்டு ஆசிரியர் மனம் கலங்கினார். சோதிடத்தில் தேர்ந்த தீட்சிதர், தம்பியப்பனின் சாதகத்தை ஆராய்ந்து, வியாழனாகிய குருவின் நிலை தீயதாயிருப்பதைக் கண்டார். வியாழனை வழிபடுதல் நலம் என அவருக்குத் தோன்றிற்று. ஆயினும், அக்காலச் சமுதாய வழக்கம் தம்பியப்பன் மந்திரம் ஓதுதற்கு இடந்தரவில்லை என்பர்.

தீட்சிதர் அத்தடை கண்டு வாளா இருந்தாரல்லர். மந்திரம் ஓதத் தடையுண்டு. இசை பாடத் தடையில்லை. ஆதலின், வியாழனைப் போற்றும் கீர்த்தனை ஒன்றை வீறுமிக்க அடாணா இராகத்தில், திரிபுட தாளத்தில் இயற்றித் தம்பியப்பனுக்குக் கற்பித்தார். அவரும் அதனை நாள்தோறும் உள்ளமுருகிப் பாடிவந்தார். சில நாள்களில் வலி நீங்கியது என்பது வழிவழியாக வழங்கிவரும் வரலாறு.

ஒருவர்பொருட்டுத் தோன்றிய கருணை அவரளவில் நிற்கவில்லை. ஞாயிறு முதலாக ஏழு கிழமைகட்கும் உரிய கோள்களைத் தீட்சிதர் பாடினார். துருவம், மட்டியம், ரூபகம், சம்பை, திரிபுடை, அட, ஏகம் என்னும் ஏழு தாளங்களும் அவ்வேழு பாடல்களில் முறையே அமைந்துள்ளன. மத்தளக் கலைஞரை முன்னிட்டு எழுந்த பாடல்வரிசை, தாளம் பயில்வார்க்குச் சிறந்த பாடமாகவும் விளங்குவது எத்துணைப் பொருத்தம்! இராகு, கேது ஆகியவற்றின்மேல் வழங்கும் பாடல்கள் அவர் இயற்றியனவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்தில் மறைந்தார். அவர் தம்பி பாலுசாமியின் பெயரரான சுப்பராம தீட்சிதர், 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலின் வாயிலாக அவர்தம் பாடல்கள் பலவற்றைச் சுரக்குறிப்புடன் காத்தளித்தார்.

அரசர் அவையில் பரிசில் பெறற்கன்று, நோயுற்ற ஒரு கலைஞரின் துயர் துடைத்தற்கே அடாணாக் கீர்த்தனை பிறந்தது. வழக்கம் அடைத்த வாயிலைத் தீட்சிதர் தம் புலமையால் திறந்தார். கற்ற கல்வி பிறர் துன்பம் நீக்கப் பயன்படும்போதே நிறைவு பெறுகிறது என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.