மகாகனம் சாஸ்திரியாரும் தெரியாத வார்த்தைகளும்

இந்த மலரில் ஜூனியர்களுக்கு உபயோகமாக ஏதாவது இருக்கட்டும், இங்கிலீஷ் வொக்காபுலரியை வளர்த்துக்கொள்வது பற்றி எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டார்கள். நான் என்ஜினியர். கான்கிரீட் பற்றிக் கேட்டிருந்தால் பத்துப் பக்கம் எழுதித் தந்திருப்பேன். இங்கிலீஷ் பாடம் நடத்த நான் சரியான ஆள் இல்லை. அதனால், இங்கிலீஷை நம் தமிழ்நாட்டிலேயே இருந்து கற்றுக்கொண்டு, பிறகு அந்த இங்கிலீஷ்காரர்களையே ஆச்சரியப்பட வைத்த ஒருவருடைய கதையைச் சொல்லிவிடுகிறேன். கடைசிக் காலத்தில் மயிலாப்பூரில் வாழ்ந்தவர். வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார். நம் தாத்தாக்கள் காலத்தில் அவரை மகாகனம் சாஸ்திரியார் என்பார்கள். 'ரைட் ஆனரபிள்' என்ற பட்டத்துக்கு அன்று வழங்கிய தமிழ் அது.

கதைக்குப் போகுமுன் ஒரு சின்ன விஷயம். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு நம் முதல் வருஷ கிளாஸ் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தகைவு, திரிபு என்று படித்ததெல்லாம் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்று வந்து நிற்கும். அதாவது பரவாயில்லை. 'மொமெண்ட்' என்றால் நொடி என்று டிக்ஷனரி சொல்கிறது. மெக்கானிக்ஸ் புத்தகமோ அதை உத்தரத்தோடு சேர்த்து வளைக்கிறது. 'ஃபடீக்' என்றால் களைப்பு. இரும்புக்கு ஏது களைப்பு? ஆனால் அந்தப் பாராவை முழுசாகப் படித்தவனுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். ஒரே பளுவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் விரிசல் விடுகிறது என்று அடுத்த வரியிலேயே இருக்கும். டிக்ஷனரி பல அர்த்தம் கொடுக்கும். அதில் எது இங்கே என்று சொல்வது பக்கத்து வார்த்தைகள்தான். இதற்கு 'கான்டெக்ஸ்ட் க்ளூ' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் இடம் பார்த்துப் பொருள் கொள்வது.

சாஸ்திரியார் பிறந்தது 22 செப்டம்பர் 1869, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமானில். காந்திக்குப் பத்து நாள் மூத்தவர். அப்பா புரோகிதம் செய்து பிழைத்த ஏழை. வீட்டில் தமிழும் சமஸ்கிருதமும்தான். தெருவில் இங்கிலீஷ் பேசுகிறவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ரேடியோ கிடையாது, சினிமா கிடையாது. படிப்பு கும்பகோணத்தில், பள்ளிக்கூடம், அப்புறம் அரசாங்கக் கல்லூரி. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கிய கல்லூரி. (பின்னாளில் இதே கல்லூரியில்தான் நம் கணித மேதை ராமானுஜன் இங்கிலீஷ் பரீட்சையில் கோட்டைவிட்டு ஸ்காலர்ஷிப்பை இழந்தார். இங்கிலீஷில் அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம், சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

சாஸ்திரியார் அங்கே படித்துக்கொண்டிருந்த அதே 1880களில், அதே கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் உ.வே. சாமிநாதையர். 1880-இல் வேலைக்குச் சேர்ந்து, சீவக சிந்தாமணி ஏட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதில் பாதி வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல ஆள் இல்லாத காலம். ஜைன சமயச் சொற்கள் வரும். அவற்றைக் கும்பகோணத்து ஜைனர்களிடமே போய்க் கேட்டார். நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோளாக வரும் வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்றே தெரியாது. அவை வேறு ஏட்டில் எங்கே வருகின்றன என்று தேடித் தேடி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அகராதி கைகொடுக்காத இடத்தில், ஒரு சொல் வருகிற எல்லா இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்ற வேலையை இதைவிடப் பெரிசாகச் செய்தவர் யாரும் இல்லை. ஒரே கட்டடத்தில் ஒருவர் தொலைந்துபோன தமிழைத் தேடினார், இன்னொருவர் அந்நிய இங்கிலீஷைத் தேடினார். இரண்டும் ஒரே மாதிரி வேலைதான் என்று எனக்குப் படுகிறது.

பி.ஏ. முடித்ததும் சாஸ்திரியார் வாத்தியார் வேலைக்குப் போனார். மாயவரம், சேலம் என்று சுற்றி, சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமையாசிரியரானார். (நோபல் பரிசு வாங்கிய எஸ். சந்திரசேகர் பின்னால் படித்த பள்ளி.) 1904-இல் ஆரம்பித்த திருவல்லிக்கேணி கூட்டுறவு பண்டகசாலை, நம் எல்லார் வீட்டிலும் ரேஷன் கார்டோடு சேர்த்துச் சொன்ன அதே டி.யூ.சி.எஸ்., அதைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். 1907-இல் நல்ல வேலையை விட்டுவிட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கோகலே 1915-இல் இறந்ததும் அவரே அதற்குத் தலைவர்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாஸ்திரியார் கப்பலேறி முதன்முதலாக இங்கிலாந்து போனது 1919-இல். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே, அதே வருஷம் பிப்ரவரியில், டில்லி சட்டசபையில் ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் பேசிய பேச்சு நாடு முழுக்கப் பிரசித்தம். அப்படியானால் வெள்ளி நாவினர் என்று அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இங்கிலீஷ் எங்கே கிடைத்தது? காவிரிக் கரையிலும் திருவல்லிக்கேணியிலும், புத்தகத்திலிருந்துதான். விடாத படிப்பாளி. வார்த்தைப் பட்டியல் மனப்பாடம் செய்து அப்படிப் பேச வராது. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் எங்கள் பேட்சில் ஜி.ஆர்.ஈ. எழுதப் போனவர்கள் 3,500 வார்த்தைப் பட்டியலோடு பட்ட பாடு எனக்குத் தெரியும். தி.நகர் பஸ்ஸில் நின்றுகொண்டே கார்டு கார்டாகப் புரட்டுவார்கள். பரீட்சை முடிந்து மூணு மாசத்தில் முக்கால்வாசி காணாமல் போய்விடும். கூடவே இருந்தது நாவல் படிக்கிறவனுக்கு வந்த வார்த்தைகள்தான். அவனுக்கு அந்த வார்த்தை ஒரு ஆள் மாதிரி. எந்தக் கூட்டத்தில் பார்த்தோம், யாரோடு நின்றது என்பது ஞாபகம் இருக்கும்.

சரி, வார்த்தையை இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? சாஸ்திரியாரின் மிச்ச வாழ்க்கை அதற்கான பதில். ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் லட்சக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள்.

1921-இல் லண்டனில் ஏகாதிபத்திய மாநாடு. கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா எல்லா நாட்டுப் பிரதமர்களும் இருந்தார்கள். அந்த நாடுகளில் குடியேறிய இந்தியர்களுக்கு ஓட்டு இல்லை, சம உரிமை இல்லை. இந்தியாவின் சார்பில் போன சாஸ்திரியார் ஒரு தீர்மானம் நிறைவேற வைத்தார். அதில் அநியாயம் என்ற சொல் இல்லை. 'இன்காங்ரூயிட்டி' என்று இருந்தது. பொருந்தாமை, அவ்வளவுதான். சாம்ராஜ்யத்தில் இந்தியா சம உறுப்பினர் என்கிறீர்கள், அங்கே போன இந்தியனுக்கு மட்டும் தடைகள் இருக்கின்றன, இரண்டும் ஒட்டவில்லையே என்கிற தோரணை. அநியாயம் என்று எழுதியிருந்தால் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பொருந்தவில்லை என்றால் எப்படி மறுப்பது? தென்னாப்பிரிக்கா மட்டும் மறுத்தது. அதே தீர்மானத்தில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியர்கள் என்று ஒரு சொற்றொடர் வரும். 'டொமிஸைல்ட்' என்கிற அந்த ஒற்றை வார்த்தை ஏற்கெனவே குடியேறியவர்களை உள்ளே சேர்த்தது. இனிமேல் வரப்போகிறவர்களை வெளியே நிறுத்தியது. கொடுத்ததும் வாங்கியதும் அந்த வார்த்தையில்தான். அடுத்த வருஷம் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா என்று சுற்றுப்பயணம் போய் அந்தத் தீர்மானத்துக்காக வாதாடினார். ஆஸ்திரேலியா 1925-இல் அங்கிருந்த இந்தியர்களுக்கு ஓட்டுரிமை தந்தது.

எல்லாமே வெற்றி இல்லை. 1923-இல் கென்யா விவகாரத்துக்காக லண்டன் போனார். பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஆப்பிரிக்கர்களின் நலனே 'பாரமவுண்ட்', அதாவது எல்லாவற்றுக்கும் மேலானது, என்று இருந்தது. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது, இல்லீங்களா? கூடவே என்ன எழுதியிருந்தது என்று பார்க்க வேண்டும். மேட்டு நிலங்கள் ஐரோப்பியர்களுக்கு மட்டும் என்பது அப்படியே இருந்தது. ஆப்பிரிக்கனுக்கு நிலம் திரும்ப வரவில்லை, இந்தியனுக்குச் சம உரிமையும் கிடைக்கவில்லை. வார்த்தை தனியாக நின்றால் ஒரு அர்த்தம், பக்கத்து வரியோடு சேர்த்துப் படித்தால் இன்னொரு அர்த்தம். சாஸ்திரியார் மனமுடைந்து திரும்பினார்.

தென்னாப்பிரிக்காவிலும் வார்த்தைதான். 1927 கேப் டவுன் ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தைக்குப் போன இந்தியக் குழுவில் அவரும் இருந்தார். அதற்கு முன்னால் இந்தியர்களைத் திருப்பி அனுப்பும் திட்டத்துக்குத் தாமாக நாடு திரும்புதல் என்று பெயர். ஒப்பந்தத்தில் அது உதவியுடன் குடிபெயர்தல் என்று மாறியது. சாமானைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் நாடு திரும்புதல் என்றால் அவன் நாடு அது இல்லை என்று ஆகிவிடுகிறது. அங்கேயே பிறந்தவனை எந்த நாட்டுக்குத் திருப்புவது? இன்னொரு பக்கம், அங்கேயே தங்குகிற இந்தியர்களை மேம்படுத்துவோம் என்றும் ஒப்பந்தம் வாக்குக் கொடுத்தது. அதை நடத்திக் காட்ட இந்திய அரசின் முதல் ஏஜென்டாக சாஸ்திரியாரே 1927-இல் போனார். காந்தி வற்புறுத்தி அனுப்பினார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தார். வாக்கு வார்த்தையாகவே போய்விடக் கூடாது என்று நன்கொடை திரட்டிப் பள்ளிக்கூடம் கட்ட வைத்தார். டர்பனில் 1929-இல் திறந்தார்கள். பெயர் சாஸ்திரி காலேஜ். வாத்தியார் புத்தி விடுமா!

அவரைத் திட்டியவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் ஜெயிலுக்குப் போனபோது இவர் மாநாட்டுக்குப் போனார் என்பது பெரிய குறை. அவர் மிதவாதி, ஒத்துழையாமையில் நம்பிக்கை இல்லாதவர். எனக்கு அதைவிட உறுத்துவது இன்னொன்று. 1940-இல் சென்னை அரசாங்கம் கலைச்சொற்களுக்காக ஒரு குழு போட்டு அவரைத் தலைவராக்கியது. சமஸ்கிருதச் சொற்களின் பக்கமே அது சாய்ந்தது என்று தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். இங்கிலீஷ் வார்த்தை எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்று அவ்வளவு கேட்டுக் கேட்டுப் பழகியவர், தமிழ் வார்த்தையின் பக்கம் அந்தக் காதைத் திருப்பவில்லையே என்றுதான் தோன்றுகிறது. தகைவும் திரிபும் படித்துவிட்டு வந்த நம்மில் பலருக்கு இந்த ஆதங்கம் புரியும்.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அப்புறம் மயிலாப்பூர்தான். வீட்டின் பெயர் 'ஸ்வாகதம்'. 1944-இல், எழுபத்து நாலு வயதில், மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியில் ராமாயணம் பற்றி முப்பது சொற்பொழிவுகள் செய்தார். வால்மீகியை இங்கிலீஷில் சொன்னார். புத்தகமாக வந்திருக்கிறது. ஜூனியர்கள் யாராவது ஆரம்பிக்க வேண்டுமானால் இதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பது என் யோசனை. கதை நமக்கு முன்பே தெரியும் பாருங்க, அதனால் தெரியாத வார்த்தை வந்தாலும் வண்டி நிற்காது. கைகேயி வரம் கேட்கும் இடத்தில் ஒரு புது வார்த்தை வந்தால், அது பாசமா பிடிவாதமா என்று டிக்ஷனரியைத் திறக்குமுன்பே தெரிந்துவிடும். ஒரே இடத்தை வைத்து முடிவு கட்டிவிடாமல், இரண்டு மூன்று இடத்தில் பார்த்தபின் அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'ஆனால்' என்று வாக்கியம் திரும்பினால் முன்னால் சொன்னதற்கு எதிர்ப்பதம் வரப்போகிறது. 'அதாவது' என்று வந்தால் ஆசிரியரே அர்த்தம் சொல்லப்போகிறார். இவ்வளவுதான் டெக்னிக். மற்றதெல்லாம் பக்கம் பக்கமாகப் படிப்பதுதான்.

1946 ஜனவரியில் ஹிந்தி பிரசார சபை வெள்ளி விழாவுக்காக காந்தி தி.நகருக்கு வந்தார். சாஸ்திரியார் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். காந்தி அங்கே போய் அவரைப் பார்த்தார். அரசியலில் இரண்டு பேருக்கும் வாழ்நாள் முழுக்க ஒத்துப்போகவில்லை, சிநேகம் மட்டும் குறையவே இல்லை. அந்த வருஷமே ஏப்ரல் 17-இல் சாஸ்திரியார் காலமானார்.

லஸ் பக்கத்துப் பிளாட்பாரத்தில் பழைய புத்தகங்களுக்கு நடுவே காந்தியின் சத்திய சோதனை இங்கிலீஷ் பதிப்பு எப்போதும் ஒன்றாவது கிடக்கும். மொழிபெயர்த்தவர் மகாதேவ தேசாய். 1940-இல் வந்த திருத்திய பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரையில், இங்கிலீஷ் நடையைச் சரிபார்த்துக் கொடுத்தது மதிப்புக்குரிய ஒரு நண்பர், சிறந்த இங்கிலீஷ் அறிஞர் என்று பேர் வாங்கியவர், தன் பெயரை எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் ஒப்புக்கொண்டார் என்று இருக்கும். பெயர் இருக்காது. அது யார் என்று அன்றைக்குப் படித்தவர்கள் பக்கத்து வார்த்தைகளை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.