கரண்ட் இல்லாத ஊரில் எக்ஸ்-ரே: மேரி கியூரி காரில் கொண்டுபோன மருத்துவம்

மேரி கியூரி என்றதும் ரேடியமும், 1903, 1911-ல் வாங்கிய இரண்டு நோபல் பரிசுகளும்தான் நினைவுக்கு வரும். ஆராய்ச்சியை ஓரம் வைத்துவிட்டு, போர்முனை மருத்துவமனைகளில் எக்ஸ்-ரே மெஷின் பொருத்தப் போன மேரி கியூரியும் ஒருவர் உண்டு.

என்ன பிரச்சினை?

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. பாரிஸில் கியூரிக்காகக் கட்டிய ரேடியம் நிறுவனம் அப்போதுதான் தயாராகியிருந்தது. அங்கே வேலை பார்த்த ஆண்களில் பெரும்பாலோர் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். தன்னிடமிருந்த 1 கிராம் ரேடியத்தை ஈயப் பெட்டியில் வைத்து, ரயிலில் போர்தோ நகருக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்திவிட்டுத் திரும்பினார் கியூரி.

எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். ஆனால், மெஷின்கள் பெரும்பாலும் நகரத்து மருத்துவமனைகளில்தான் இருந்தன. போர்முனைக்குப் பக்கத்தில் அவசரமாகத் திறந்த மருத்துவமனைகள் பலவற்றில் மெஷின் என்ன, கரண்டே கிடையாது. குண்டுச் சிதறல் எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாமல், சர்ஜன்கள் உடலைக் கிளறித் தேட வேண்டியிருந்தது. காயம்பட்டவரை மெஷின் இருக்கும் ஊருக்குத் தூக்கிப்போனால், வழியிலேயே உயிர் போகலாம்.

தீர்வு எப்படி வந்தது?

நோயாளி மெஷினிடம் போக முடியாவிட்டால், மெஷின்தான் நோயாளியிடம் போக வேண்டும். கியூரி காரில் எக்ஸ்-ரே கருவியை ஏற்றினார். கூடவே ஒரு டைனமோ. கார் இன்ஜின் ஓடினால் டைனமோ சுற்றும், கரண்ட் கிடைக்கும். மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தி, கேபிளை உள்ளே இழுத்து, ஓர் அறையைத் திரைபோட்டு இருட்டாக்கினால் எக்ஸ்-ரே ரூம் ரெடி.

ஒரே படத்தில் சிதறலின் ஆழம் தெரியாதே? அதற்கும் வழி இருந்தது. எக்ஸ்-ரே குழாயைக் கொஞ்சம் நகர்த்தி இரண்டாவது படம் எடுப்பார்கள். சிதறலின் நிழல் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், ஆழத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

முதல் காருக்கான பணத்தை ஒரு பெண்கள் அமைப்பு தந்தது. மற்ற கார்களை வசதியானவர்களிடம் கேட்டு வாங்கினார். இப்படி 20 கார்கள் தயாராயின. ராணுவ வீரர்கள் அவற்றுக்கு வைத்த செல்லப்பெயர் 'குட்டி கியூரி'. இவை தவிர, 200 நிரந்தர எக்ஸ்-ரே அறைகளும் அமைக்கப்பட்டன.

யார் இயக்கியது?

மெஷின் வந்தால் மட்டும் போதாது, அதை இயக்க ஆள் வேண்டுமே! கியூரியே உடற்கூறியல் படித்தார், கார் ஓட்டக் கற்று 1916-ல் லைசென்ஸும் வாங்கினார். மகள் ஐரீனும் அம்மாவுடன் சேர்ந்துகொண்டார். 18 வயதில், போர்முனைக்கு அருகே தனியாகவே எக்ஸ்-ரே அறையைப் பார்த்துக்கொண்டார். மின்சாரம், எக்ஸ்-ரே, உடற்கூறியல் மூன்றும் அடங்கிய பயிற்சியை அம்மாவும் மகளும் சுமார் 150 பெண்களுக்குக் கொடுத்தார்கள். போர் முடிவதற்குள், இந்த ஏற்பாட்டின் மூலம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் பரிசோதனை நடந்ததாக மதிப்பிடப்படுகிறது.

கொடுத்த விலை

அன்றைக்கு எக்ஸ்-ரே அறையில் போதிய பாதுகாப்பு இல்லை. எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்ய முடியாமல் போகும் ஒருவகை ரத்தசோகையால் 1934 ஜூலை 4 அன்று கியூரி இறந்தார். ஐரீன் 1956-ல் ரத்தப் புற்றுநோய்க்குப் பலியானார்.

1995-ல் கியூரியின் உடலை பாரிஸின் பாந்தியோன் நினைவிடத்துக்கு மாற்றியபோது, சவப்பெட்டியில் கதிர்வீச்சை அளந்தார்கள். அளவு குறைவாகவே இருந்தது. எனவே, ரேடியத்தைவிட போர்க்காலத்து எக்ஸ்-ரேக்களே அவர் நோய்க்குக் காரணமாக இருந்திருக்கலாம் என பிரெஞ்சு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிகள் கருதினார்கள்.

வெள்ளம், நிலநடுக்கம் என்று எங்கே தற்காலிக மருத்துவமனை திறந்தாலும், இன்றும் முதலில் வரும் கேள்விகள் இவைதான்: கரண்ட் எங்கிருந்து? இயக்க ஆள் யார்? அந்த ஆளுக்குப் பாதுகாப்பு என்ன? முதல் இரண்டுக்கும் கியூரி விடை கண்டுபிடித்தார். மூன்றாவதன் முக்கியத்துவம், அவரைப் போன்றவர்களை இழந்த பிறகே உலகத்துக்குப் புரிந்தது.